பூட்டியாச்சு

தராசில் எஞ்சின் கொன்றொட் ஒன்றின் பெரிய தலை கிடந்தது. சின்னத் தலை மேலே கம்பிக் கொக்கியில் தொங்கியது. ஆனந்தராஜா கையை எடுத்துவிட்டு, எண் ஆடி நிற்கும்வரை மூச்சு விடாமல் பார்த்தார். மற்ற மூன்றையும்விட இது கொஞ்சம் பாரம். எடுத்து, சாணைப்பட்டியில் விளிம்பை ஒரு தடவல் தடவி, துணியால் துடைத்து, திரும்ப வைத்தார். இன்னும் பாரம். திரும்பவும் ஒரு தடவல். அவசரப்பட்டு ஒரு சொட்டுக் கூடத் தேய்த்துவிட்டால் இது லேசாகிவிடும். பிறகு மற்ற மூன்றையும் இதற்காகத் தேய்க்க வேண்டும். தராசையும் அவர் முழுதாக நம்புவதில்லை. காலையில் ஐம்பது சத நாணயம் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்.

கேரம் டவுன்ஸ் கோயிலின் மணி கேட்காத தூரம். ஆனால் தேருக்கு வருகிறவர்கள் கார் விட இடம் தேடி வந்து முட்டுகிற தூரம். அங்கே வரிசையாக நின்ற தகரக் கொட்டகைகளில் ஒன்று கிறெக்கின் பட்டறை. புதுக் கார் எதுவும் அங்கே வராது. உலகப்போருக்கு முந்திய சின்னச் சின்ன எஞ்சின்கள்தான் வரும். ஒரு காலத்தில் அந்தக் கார்களில் குடும்பம் முழுக்க ஏறி, மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் கெதியாகத் தேவாலயத்துக்குப் போயிருப்பார்கள். இப்போது மெல்பேர்னில் வசதியுள்ளவர்கள் அவற்றைப் பந்தயத்துக்கு விடுகிறார்கள். பந்தயத்துக்கு விட்டால் முதலில் போவது கொன்றொட். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்து அடியையும் வாங்குகிற கை அது. பழையது கோழிக்கால் போல மெலிசு. வேகம் கூடினால் வளையும், இன்னும் கூடினால் எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அடித்துச் செய்த உருக்குக் கொன்றொட்டைப் போடுவார்கள். புதியது ஆட்டுத் தொடை மாதிரி இருக்கும். பழைய எஞ்சினுக்குள் அதை இடிக்காமல் இருத்துவதுதான் ஆனந்தராஜாவின் வேலை.

இன்று கையில் இருந்தது பல் டொக்டர் ஒருவரின் ஒஸ்ரின் செவன் காரின் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை பிலிப் தீவில் பந்தயம். பின்னேரம் ட்ரெய்லர் வந்து எஞ்சினை எடுத்துப் போகும். அவருடைய ஆட்கள் சனிக்கிழமை அதைக் காரில் ஏற்றுவார்கள். கிறெக் ஏதோ சாமான் எடுக்க ஜீலோங் போயிருந்தான். பட்டறையில் ஆனந்தராஜாவும் நவீன்ராஜும் மட்டும்.

நவீன்ராஜ் மலேசியத் தமிழன், ஈப்போ ஊர். படிக்க வந்து, படித்து முடித்து, கிராங்க் கடைகிற மெசினில் நிற்கிறான். கிறெக் கையெழுத்து வைத்தால் நிரந்தர விசா கிடைக்கும். மனைவி தாரிணியோடு கிரான்பர்னில் வீடு எடுத்திருக்கிறான். மரியாதையான பெடியன். ஆனாலும் ஆனந்தராஜா அவனை அளந்துதான் வைத்திருந்தார். முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

"அங்கிள், அந்த மூலையில லைட்டு இன்னும் எரியல. புது டியூப்பு வாங்கி வச்சு மூணு நாளாச்சு," என்றான் நவீன்ராஜ்.

"இதை முடிச்சுப்போட்டு நான் பூட்டுறன் தம்பி."

நவீன்ராஜ் காதுக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு சிரித்தான். "லைட்டப் போய் ஏன் அங்கிள் பூட்டுறீங்க? யாராச்சும் திருடிட்டுப் போயிருவாங்களா?"

"பின்னை என்னெண்டு சொல்லுறது?"

"மாட்டுறது. டியூப்ப மாட்டுறது."

"மாட்டுப்படுறது எண்டால் எங்களுக்குப் பொலிசிட்டைப் பிடிபடுறது."

"நீங்க பேசுறதுக்கு கீழ சப்டைட்டில் போடணும், அங்கிள்."

"நீர் பேசுறதுக்கு உப்புப் போட வேணும்."

சொன்னபடியே ஏணியில் ஏறி டியூப்பைப் பூட்டினார். மூலையில் வெளிச்சம் வந்தது. நவீன்ராஜ் கீழே நின்று, "பூட்டிட்டீங்க, சாவி எங்க?" என்றான். ஆனந்தராஜா அதற்கு ஒரு வசை சொன்னார். அது இரண்டு ஊருக்கும் பொதுவான வசை.

மதியத்துக்குள் நான்கு கொன்றொட்டும் ஒரே பாரம் ஆகின. எஞ்சின் ஸ்டாண்டில் மல்லாந்து கிடந்தது. ஆனந்தராஜா கொன்றொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிராங்கில் வைத்து, மூடியைப் போட்டு, போல்ட்டுகளைச் சின்ன ஸ்பனரால் கைப்பலத்தில் மட்டும் திருகினார். இது சும்மா பூட்டிப் பார்க்கிறது. பிறகு கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினார். மூன்று சுகமாகப் போயின. நாலாவதின் தோள் எஞ்சின் சுவரில் போய் உரசியது. காதை வைத்துக் கேட்டார். சத்தம் நகத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. கழற்றி, சுவரில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, தூளைக் காந்தாலும் துணியாலும் எடுத்து, திரும்பப் பூட்டிச் சுற்றினார். இந்த முறை சத்தம் இல்லை.

இனிக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், எண்ணெய் பூச வேண்டும். பிறகுதான் இறுக்குவது. அது வேறு வேலை. இந்தப் புது போல்ட்டுகள் ரப்பர் போல. இறுக்கும்போது ஒரு மயிரளவு நீள வேண்டும். நீளாவிட்டால் கழலும், கூட நீண்டால் அறும். ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வைத்துப் பார்த்துப் பார்த்து இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆனந்தராஜா யாருடனும் பேசமாட்டார்.

ஸ்பனரை மறுபடி போல்ட்டில் வைத்தபோது போன் அடித்தது.

"அங்கிள், நான் லக்சிகா. அன்ரியோட லோண்ட்ரியில வேலை செய்யிறன். அன்ரி மயங்கி விழுந்திட்டா, அங்கிள். அம்புலன்சிலை ஏத்திக்கொண்டு போயிட்டினம்."

"உயிர் இருக்கோ?"

"ஓம் அங்கிள், மூச்சு இருக்கு. கெதியா வாங்கோ."

ஸ்பனரை அப்படியே போல்ட்டில் விட்டார். அது அவருடைய பழக்கம். ஊரில், சுன்னாகத்துக் கார்க் கராச்சில் எல்லாருக்கும் அது பழக்கம். வேலை முடியாத எஞ்சினில் ஸ்பனர் கிடக்கும். ஸ்பனர் கிடக்கிற எஞ்சினை வேறு ஒருவன் மூடமாட்டான். வாசலுக்கு ஓடுகிற ஓட்டத்தில், கடைசல் மெசினில் நின்ற நவீன்ராஜிடம், "மனுசி விழுந்திட்டாளாம், ஆஸ்பத்திரிக்குப் போறன்," என்று கத்தினார். "போங்க அங்கிள், போங்க. இங்க நான் பாத்துக்கறேன்," என்று அவனும் கத்தினான்.

சந்திரவதனா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் முழித்துக் கிடந்தாள். இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதாம். நீராவி வெக்கையில் சாப்பிடாமல் நின்றிருக்கிறாள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. "எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் என்னத்துக்கு வேலையை விட்டுப்போட்டு வந்தனீங்கள்?" என்றாள் முதல் சொல்லாக.

நவீன்ராஜ் போனில் கூப்பிட்டபோது ஆனந்தராஜா நடைக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

"அன்ரி எப்படி இருக்காங்க, அங்கிள்?"

"முழிச்சிட்டா. சீனி குறைஞ்சு போச்சாம்."

"சாமி புண்ணியம். அங்கிள், அந்த கான்ராடு நாலும் முடிஞ்சிருச்சா?"

"நாலும் பூட்டியாச்சு தம்பி. ஒண்டும் உரசேல்லை. இனி..."

ஒரு தாதி வந்து அவருடைய பெயரை நாலு துண்டாக உடைத்துக் கூப்பிட்டாள். "பிறகு எடுக்கிறன்," என்று வைத்தார். எந்த இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதற்காகத்தான் அவன் கேட்கிறான் என்று நினைத்தார். பூட்டியாச்சு என்றால் இனி இறுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இறுக்குகிற அளவுகோல் எங்கே இருக்கிறது என்பது நவீன்ராஜுக்கும் தெரியும்.

நவீன்ராஜ் போல்ட்டில் கிடந்த ஸ்பனரை எடுத்து, சுவர்ப் பலகையில் அதன் உருவம் வரைந்திருந்த இடத்தில் மாட்டினான். ஒரு சாமானும் மேசையில் கிடக்கக்கூடாது என்பது கிறெக்கின் சட்டம். பிறகு அடித்தட்டைப் போட்டு மூடி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பினான். ஆனந்தராஜா பிறகு திருப்பிக் கூப்பிடவில்லை. சந்திரவதனாவை வீட்டுக்கு விட்டார்கள். மருந்துக் கடைக்குப் போனார். கஞ்சி வைத்தார்.

திங்கட்கிழமை காலை எஞ்சின் பட்டறைக்குத் திரும்பி வந்திருந்தது. பக்கத்தில் ஒரு கை போகிற அளவு ஓட்டை. மூன்றாவது கொன்றொட் மடக்கிய முழங்கை போல வளைந்து, தனியாக ஒரு தட்டில் கிடந்தது. கிராங்க் இரண்டு துண்டு. நேர்ச் சாலையில் முழு வேகத்தில் போகும்போது வெடித்ததாம். எண்ணெய் பின் சில்லில் பட்டு, கார் மூன்று சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றதாம். டொக்டருக்கு ஒரு கீறலும் இல்லை.

கிறெக் உரத்துப் பேசுகிறவன் அல்ல. மிச்சமிருந்த ஒரு போல்ட்டை எடுத்து அளவுகோலில் வைத்துக் காட்டினான். போல்ட் நீளவே இல்லை. கடையிலிருந்து வந்த அளவிலேயே இருந்தது.

"இதை யாரும் இறுக்கவில்லை," என்றான் ஆங்கிலத்தில். "யார் வேலை?"

"நான் கேட்டேன் கிறெக்," என்றான் நவீன்ராஜ், அவனும் ஆங்கிலத்தில். "மூடுறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டேன். நாலும் லாக் பண்ணியாச்சுன்னு சொன்னாரு."

ஆனந்தராஜாவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் 'லாக்' என்பது விளங்கியது. "நோ லொக்," என்றார். "ஃபிற். ஐ சே ஃபிற். நொட் டைற். ஹீ டைற்." கையால் திருகிக் காட்டினார். முதலில் மெல்ல, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக.

"நீ இங்கிலீசிலா சொன்னாய்?" என்றான் கிறெக்.

"தமிழ்."

"ஒரே தமிழா, இரண்டு பேருக்கும்?"



கிறெக் தன் போனை எடுத்து எதையோ தட்டி, ஆனந்தராஜாவின் வாயருகே நீட்டினான். "அந்தச் சொல்லைச் சொல்."

ஆனந்தராஜா போனைப் பார்த்தார். பிறகு கிறெக்கைப் பார்த்தார். "பூட்டு," என்றார்.

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "லாக்," என்றது.

"நோ, நோ. வெயிற்." தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுதாகச் சொன்னார். "நாலும் பூட்டினனான்."

போன் கொஞ்சம் யோசித்தது. "நான் நாலு பூட்ஸ் சப்பாத்து," என்றது ஆங்கிலத்தில்.

கிறெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "முதல் சொன்னதை எடுப்போம்," என்றான் ஆனந்தராஜாவிடம். "லாக் என்று வருகிறது, ராஜ். நான் சொல்லவில்லை."

ஆனந்தராஜா நவீன்ராஜிடம் திரும்பினார். "தம்பி, நீர் சொல்லும். எங்கடை ஆக்கள் பூட்டுறது எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியும். பூட்டுறது வேறை, இறுக்குறது வேறை. அண்டைக்கு லைட்டுக்குச் சிரிச்சனீர்தானே?"

நவீன்ராஜ் வளைந்த கொன்றொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்கிறார்?" கிறெக் கேட்டான்.

"அது வந்து... லைட்டப் பத்தி."

"எந்த லைட்?"

"மூலையில இருக்கே, அந்த டியூப்லைட்டு."

கிறெக் அண்ணாந்து பார்த்தான். "அது எரிகிறதுதானே?"

"எரியுது," என்றான் நவீன்ராஜ்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இனிப் பட்டறைக்குள் ஆங்கிலம் மட்டும்தான், இறுக்கிய போல்ட்டின் தலையில் மஞ்சள் மைப் பொட்டு வைக்க வேண்டும் என்று கிறெக் சொன்னான். பிறகு ஆனந்தராஜாவின் தோளில் கை வைத்து, மெல்ல, வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து, இப்போதைக்கு வேலை இல்லை, தேவைப்படும்போது கூப்பிடுகிறேன் என்றான். டொக்டருக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமல்லவா. கூப்பிடுகிறேன் என்று சொன்னவர்கள் கூப்பிட்டதாக ஆனந்தராஜாவுக்கு நினைவில்லை. தன் சாமான் பெட்டியைத் தூக்கப் போனார். இன்சூரன்ஸ்காரன் வந்து பார்த்து முடியும்வரை ஒரு ஸ்பனரும் வெளியே போகக்கூடாது என்றான் கிறெக்.

வாசலில் நவீன்ராஜ் பின்னால் ஓடி வந்தான். "அங்கிள், நான் வேணும்னு செய்யல. நீங்க சொன்னது எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"கேட்டது சரி. பிறகு விளங்கினதைச் சொல்லியிருக்கலாமே?"

"என் பேப்பர் அவர் மேசையில கிடக்கு, அங்கிள்."

"ஓம். கிடக்கட்டும்," என்றுவிட்டு ஆனந்தராஜா பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டில் சந்திரவதனா முழுதும் கேட்டாள். கேட்டு முடித்து, "நீங்கள் என்னத்துக்கு உந்தச் சொல்லைச் சொன்னனீங்கள்?" என்றாள்.

"வேறை எந்தச் சொல்லைச் சொல்ல? என்னட்டை அது ஒண்டுதான் கிடக்கு."

"இறுக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"கேட்டது அதில்லையே."

"கேட்காட்டிலும் சொல்லுறவர்தானே நீங்கள், மற்ற நேரத்திலை."

அவர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு அவளுடைய முழங்கைக் கட்டை அவிழ்த்தார். புண் காய்ந்திருந்தது. லோண்ட்ரியில் அவளை இனி நீராவிப் பக்கம் விடமாட்டோம், மடிக்கிற பக்கத்தில் இடம் வந்தால் சொல்கிறோம் என்றிருந்தார்கள்.

ஆனந்தராஜா வேலை தேடினார். வள்ளத்தில் அகதியாக வந்தவர். அப்போதிருந்து புதுப்பித்துப் புதுப்பித்து இழுக்கிற தற்காலிக விசா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்பு நின்ற கோழித் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே குளிரில் நின்று நின்றுதான் இடது கை விரல்கள் இரண்டு மரத்துப்போயிருந்தன. கங்காணி வேலை பார்க்கிற பெண் கத்தியைக் கொடுத்து ஒரு கோழிக்காலை வெட்டச் சொன்னாள். வெட்டினார். இன்னொன்று வெட்டச் சொன்னாள். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டாள். டண்டினோங்கில் ஒரு கராச்சில் தமிழன்தான் முதலாளி. "அண்ணை, இப்ப எல்லாம் கொம்பியூட்டரைக் கொழுவித்தான் பாக்கிறது," என்று ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினான். "கடைசியா எங்கை நிண்டனீங்கள்? அவையிட்டை ஒரு சொல்லுக் கேட்கலாமோ?" என்றும் கேட்டான். ஆனந்தராஜா தேநீரை முடிக்காமல் எழும்பினார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த சந்திரவதனா, "அந்த மலேசியாப் பெடியன்ர மனுசியைக் கண்டனான்," என்றாள். "பிரசாதத்துக்கு எனக்கு முன்னாலைதான் நிண்டவள். என்னைக் கண்டிட்டு, வாங்காமலே போயிட்டாள்."

"வாங்கியிருக்கலாம். பிரசாதம் என்ன செய்தது?" என்றார் ஆனந்தராஜா.

இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, சாமான்களை எடுத்துப் போகலாம் என்று ஒரு நாள் போனில் செய்தி வந்தது. பக்கத்து வீட்டு யோகா தன் வான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். "நான் இறங்கேல்லை அண்ணை. உவங்களைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இராது," என்று ஸ்டியரிங்கிலேயே இருந்தான்.

பட்டறைக்குள் மூவர் நின்றார்கள். கிறெக், நவீன்ராஜ், சிவந்த முகமும் வெள்ளைத் தாடியுமாக உயரமான ஒருவர். ஸ்டாண்டில் இன்னொரு ஒஸ்ரின் செவன் எஞ்சின் மல்லாந்து கிடந்தது. புதுக் கிராங்க். புதுக் கொன்றொட் நான்கு. போல்ட் தலைகளில் மஞ்சள் பொட்டுகள்.

"சாமான் எடுக்க வந்தாயா, ராஜ்? அந்த மூலையில் இருக்கிறது," என்றான் கிறெக்.

உயரமானவர் கை நீட்டினார். குலுக்கினார். பல் டொக்டருக்கு ஏற்ற மாதிரிப் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிற மனிதர். "நீங்களும் இங்கேயா வேலை?"

"முன்பு கொஞ்ச நாள் உதவிக்கு நின்றவர்," என்றான் கிறெக்.

"அப்படியானால் இதைப் பார்க்க வேண்டும்." டொக்டர் மேசையிலிருந்து ஒன்றைத் தூக்கினார். பளபளவென்று வார்னிஷ் பூசிய மரக்கட்டை. அதன்மேல் நிமிர்த்திவைத்த, மடக்கிய முழங்கை போன்ற கொன்றொட். வெள்ளி முலாம் பூசியிருந்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டியிருந்தது. "சனிக்கிழமை கிளப் விருந்தில் தந்தார்கள். இந்த வருடத்தின் மிகச் சிறந்த வெடிப்பு! இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறேன், ஒரு கோப்பையும் கிடைத்ததில்லை. எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். பிடித்துப் பாருங்கள், என்ன பாரம்!"

ஆனந்தராஜாவின் கையில் அதை வைத்தார். பாரம்தான். ஆனந்தராஜா பெரிய தலையின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார். முலாத்துக்குக் கீழே, அவர் தேய்த்த இடம் இன்னும் வழுவழுவென்று இருந்தது. திருப்பிக் கொடுத்தார்.

"எஞ்சின் போனது போகட்டும். கதை ஒன்று கிடைத்தது," என்றார் டொக்டர். கிறெக் சிரித்தான்.

ஆனந்தராஜா மூலைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இருந்தன. மூடித் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பெட்டி ஒரு பக்கம் இழுத்தது.

"ஒரு நிமிடம்," டொக்டர் கூப்பிட்டார். "கிளப் பத்திரிகைக்கு ஒரு படம் வேண்டும். எங்களை எடுத்துத் தருவீர்களா? இதை இப்படிப் பிடித்து, இந்த வட்டத்தை அமத்தினால் சரி."

ஆனந்தராஜா பெட்டியை நிலத்தில் வைத்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். டொக்டர் நடுவில் நின்று கோப்பையை நெஞ்சோடு பிடித்தார். கிறெக் ஒரு பக்கம் வந்தான். "நவீன், நீயும் வா, நீதானே புது எஞ்சினைக் கட்டுகிறாய்," என்றார் டொக்டர். நவீன்ராஜ் மற்றப் பக்கம் வந்து நின்றான்.

கண்ணாடிச் சதுரத்துக்குள் மூவரும் தெரிந்தார்கள். இரண்டு முகம்தான் சரியாகத் தெரிந்தது. மூன்றாவது ஆள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யோகா ஹோர்ன் அடித்தான். ஆனந்தராஜா பெருவிரலை வட்டத்துக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"தம்பி, தலையை நிமித்தும்."

"என்ன சொல்கிறார்?" டொக்டர் கேட்டார்.

"சிரிக்கச் சொல்றாரு," என்று நவீன்ராஜ் ஆங்கிலத்தில் சொன்னான்.

மூவரும் சிரித்தார்கள். ஆனந்தராஜா அமத்தினார்.

"இன்னொன்று," என்றார் டொக்டர். "கண் மூடியிருப்போம்."

அவர் இன்னொன்றும் எடுத்தார்.